வெந்நீர் ஊற்றிய பாதி

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளையும் ஷூக்களையும் அவள் அளவு வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாம் நம்பர் சுவரோரம், ஏழு அதற்கு அடுத்து, எட்டும் ஒன்பதும் படிக்கட்டுப் பக்கம். உள்ளே கூடத்தில் அவள் கணவர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். தலைமாட்டில் அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

கொழுந்தன் அவளைத் தேடிக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, என்ன பண்றீங்க? உள்ள எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

"எல்லாம் கலந்து கெடக்கு."

"கெடக்கட்டும். அவங்கவங்க செருப்பு அவங்கவங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அது அவளுக்கும் தெரிந்தே இருந்தது. கைதான் கேட்கவில்லை. அவளும் கணவரும் நடத்திவந்த ஐஸ் ஹாலில் கல்யாணமான நாளிலிருந்து ஷூ கவுன்டரில் நின்றவள் அவள். பலகையில் 'பனிச்சறுக்குக் கூடம்' என்று பெரிய எழுத்தில் இருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஐஸ் ஹால்தான். சறுக்க வருகிறவர்கள் சொந்தச் செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, கத்தி பதித்த ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். முகம் மறந்துபோகும், கால் மறக்காது. "இவளுக்கு மனுஷங்களைத் தெரியாது, அவங்க காலைத்தான் தெரியும்" என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கு அழுதுகொண்டு படியேறியவர்களைக்கூட அவள் அப்படித்தான் அடையாளம் கண்டாள். இவர் ஏழு, அகலப் பாதம். இந்த அம்மா ஐந்து, இடது கால் கொஞ்சம் சின்னது, உள்ளே பஞ்சு வைக்க வேண்டும்.

கடைசி ஜோடியையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

நேற்று ஹாலுக்கு வார விடுமுறை. விடிந்தும் விடியாமலும் அவர் தனியாகக் கிளம்பிப் போயிருந்தார். அவள் எழுந்தபோது படுக்கையில் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பால் காய்ச்சினாள். பால் பொங்கும் நேரத்தில், லீவு நாளிலும் காலையில் மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிற ஹால் மெக்கானிக்கின் போன் வந்தது. "அக்கா, முதலாளி ஐஸ் மேல விழுந்து கெடக்காரு" என்றான். அவள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்சில் ஏற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை, மாரடைப்பு என்றார்கள். ஒரு நர்ஸ் அவருடைய கடிகாரத்தையும் மூக்குக் கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்தாள். காலில் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பை இப்போது அலமாரிக்கு அடியில் இருந்தது. அவள் அதைப் பிரிக்கவில்லை. ஆயிரம் கால்களிலிருந்து ஆயிரம் ஷூவை வாங்கி வைத்த கைக்கு இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை.

செத்துப்போனது பெரிய விஷயம். ஆனால் வீட்டில் நேற்றிலிருந்து எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்தது வேறொன்றைப் பற்றி. விடுமுறை நாளில், விடியற்காலையில், யாரிடமும் சொல்லாமல் அவர் ஐஸில் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஹாலை ஒரு கிடங்குக் கம்பெனி கேட்டிருந்தது. போனில் வாங்குகிற சாமான்களைக் கொண்டுவந்து குவித்து, பிரித்து, வீடுவீடாக அனுப்புகிற கம்பெனி. நாளைக்குக் கையெழுத்து. அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, ஐஸை எடுத்துவிட்டுத் தரையைக் காயவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. அவர் தலையாட்டியிருந்தார். தலையாட்டினார் என்று கிடங்குக்காரர்கள் சொன்னார்கள். அவளிடம் அவர் சொன்னது "பார்க்கலாம்" என்ற ஒரே வார்த்தைதான்.

அவர் விழுந்து கிடந்தபோது பக்கத்தில் வெந்நீர் வண்டி நின்றிருந்தது. தொட்டியும் அதன் பின்னால் இழுபடுகிற துணிப் பட்டையுமாக, கையால் இழுத்துப் போகிற வண்டி. தளத்தில் சரியாகப் பாதிவரை வெந்நீர் ஊற்றியிருந்தார். சிக்கலே அங்கேதான். வெந்நீர் இரண்டு வேலையும் செய்யும். தளத்தைக் குளிர வைக்கிற மெஷின் ஓடும்போது மெல்லிசாக விட்டால் கீறல்களுக்குள் இறங்கி உறைந்து ஐஸைப் புதுசாக்கும். பச்சைத் தண்ணீரைவிட வெந்நீர்தான் வழவழவென்று உறையும். மெஷினை நிறுத்திவிட்டு நிறைய விட்டால் அதே வெந்நீர் ஐஸைக் கரைத்து எடுத்துவிடும். ஒருமுறை தரைக்கு அடியில் குழாய் ஒழுகியபோது அப்படித்தான் எடுத்தார்கள். ஆக, மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா, தொட்டிக் குழாய் எவ்வளவு திறந்திருந்தது என்று தெரிந்தால், அவர் ஹாலை வைத்துக்கொள்ள நினைத்தாரா விட்டுவிட நினைத்தாரா என்பது தெரிந்துவிடும்.

அதைப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் மெக்கானிக். அவன் பார்க்கவில்லை. நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனைக் கொழுந்தன் போலீஸ்காரன் மாதிரிக் கேட்டான்.

"குழாய் எப்படி இருந்துச்சு?"

"நான் உள்ள ஓடின உடனே அதை மூடிட்டேன் சார். வெந்நி ஒரே எடத்துல ஊத்தினா குழி விழுந்துடும்."

"மெஷின்?"

"யாராவது விழுந்து கெடந்தா மொதல்ல கரண்டைக் கட் பண்ணணும்னு முதலாளி சொல்லிக் குடுத்தது. வரிசையா எல்லா சுவிட்சையும் கீழ இறக்கினேன். எது ஏற்கெனவே கீழ இருந்துச்சுன்னு பாக்கல."

"சத்தம் கேட்டிருக்குமே."

"அது தானா நிக்கும், தானா ஓடும் சார். குளிர் போதும்னா நின்னுடும். சத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி, அப்புறம்?"

"ஆம்புலன்ஸ் போனதும் எல்லா சுவிட்சையும் மேல ஏத்திட்டேன். ஐஸ் போயிடுமேன்னு."

அவர் சொல்லிக்கொடுத்ததை ஒரு வரி பிசகாமல் செய்திருந்தான். அதில்தான் எல்லாம் அழிந்துபோனது. கொழுந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவளுக்கு மெக்கானிக்மேல் கோபம் வரவில்லை. படுத்துக் கிடந்தவர்மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

கூடத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் வந்து காலடியில் உட்கார்ந்தாள். நடக்கப் பழகியதும் சறுக்கப் பழகியதும் ஒன்றாக நடந்த பெண். இப்போது வேறு ஊரில் வேலை. நேற்று மதியம் வந்ததிலிருந்து அழுவாள், நிறுத்துவாள், ஒன்றைச் சொல்லுவாள், மறுபடி அழுவாள். சொன்னதையேதான் சொன்னாள்.

"அம்மா, அப்பா போன வாரம் எனக்குப் போன் பண்ணார். சின்னப் பசங்களுக்குப் புது ஷூ எங்க கெடைக்கும்னு கேட்டார். மூடறவர் எதுக்கும்மா புது ஷூ கேக்கணும்?"

கொழுந்தன் சுவரில் சாய்ந்து நின்றபடி தணிந்த குரலில் சொன்னான். "அதே வாரம் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? போதும்டா, என்னால முடியல, ஒரு வேளையாவது நிம்மதியாச் சாப்பிடணும்னார்."

"நீங்க சொன்னா அவர் சொன்னதா ஆயிடுமா சித்தப்பா?"

"நான் பொய் சொல்றேங்கிறியா?"

இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரே நாளில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மெஷினுக்குப் புது கேஸ் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். அவன் திரும்பி நடப்பதற்குள், பழைய இரும்பு எடுப்பவன் யாராவது தெரியுமா என்றும் கேட்டார். ஊரில் அவர் யோசனை கேட்காத ஆள் இல்லை. பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர், பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போதும் வாயைத் திறந்தபடியே கேட்டிருப்பார். கவுன்டரில் எதிரே நின்றவளிடம் மட்டும் கேட்டதில்லை. "நீ ஷூவைப் பாரு" என்பார்.

ஐஸில் ஒரு நாளும் கோளாறு இருந்ததில்லை. கோளாறெல்லாம் வெளியேதான். முதலில் பாலம் வந்தது. பழைய பாலத்தை ரிப்பேர் செய்கிறோம் என்று பஸ்ஸைச் சுற்றுவழியில் விட்டார்கள். ரிப்பேர் முடிந்தது, பஸ் சுற்றுவழியிலேயே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஊர்த் தொழிற்சாலை. எங்கேயோ தூரதேசத்தில் ஆர்டர் கூடியதென்று சனிக்கிழமையும் வேலை வைத்தார்கள், கூட்டம் குறைந்தது. அடுத்த வருஷம் அதே தேசத்தில் ஆர்டர் நின்றதென்று ஆளைக் குறைத்தார்கள், கூட்டம் இன்னும் குறைந்தது. "கையில காசு இருந்தா நேரம் இல்லங்கறான். நேரம் இருந்தா காசு இல்லங்கறான். ரெண்டும் சேர்ந்தாப்ல ஒரு மாசம் இருக்கக் கூடாதா மனுஷனுக்கு?" என்று காலி தளத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பார். வெயில் அடித்தால் கூட்டம் வரும், கரண்ட் பில் அதற்கு முன்னால் வந்து நிற்கும். புது மாலில் துணி வாங்கினால் சறுக்குவது இலவசம் என்றார்கள். அது ஐஸே இல்லை, பிளாஸ்டிக் தரை என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். இலவசம் என்ற சொல்லுக்கு முன்னால் அது எடுபடவில்லை.

மின்சார ஆபீஸில் ஹாலை விளையாட்டுப் பட்டியலிலிருந்து கேளிக்கைப் பட்டியலுக்கு மாற்றியபோது அவரே நேரில் போய்ச் சண்டை போட்டார். "விழுந்து பல்லு போனா விளையாட்டு, விழாமப் போனா கேளிக்கையான்னு கேட்டேன். அந்த ஆளுக்குச் சிரிப்புகூட வரல" என்று வந்து சொன்னார். அவள் சிரித்தாள். பில் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தி பார்க்கிற விதமே மாறிவிட்டது. எந்த மூலையில் எது நடந்தாலும் ஐஸுக்கு நல்லதா கெட்டதா என்று பார்ப்பார். கப்பல் கால்வாயில் மாட்டிக்கொண்டால் கேஸ் விலை. பரீட்சைத் தேதியைத் தள்ளிவைத்தால் பையன்கள் வர மாட்டார்கள். ஒருநாள் சிமெண்ட் விலை ஏறியது என்று கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சிமெண்டுக்கும் நமக்கும் என்ன என்று அவள் கேட்டாள். "பின்னாடி அடுக்குமாடி கட்றானே, அது நின்னுடும். குடி வர மாட்டாங்க. குழந்தைங்க வராது" என்றார். அவர் சொன்னபடியே கட்டடம் பாதியில் நின்றது. அது அவருக்குப் பெருமையா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிடங்குக்காரரும் வந்தார். மாலை ஒன்றை வைத்துவிட்டு, அவள் முன்னால் வந்து கைகட்டி நின்றார். இளவயசுதான். வாசலில் கழற்றிவிட்டு வந்த ஷூவை ஜன்னல் வழியாக அவள் பார்த்திருந்தாள். கால் ஏழு இருக்கும், ஷூ எட்டு.

"நாளைக்கு வேணாம்மா. நீங்க சொல்றப்ப வெச்சுக்கலாம்" என்றார். பிறகு தயங்கினார். "ரொம்ப நாள் தள்ளினா எங்க தலைமை ஆபீஸ்ல வேற எடம் பாத்துடுவாங்க. இப்பவே பெட்ரோல் விலையைச் சொல்லி, ஊருக்கு வெளிய போலாம்ங்கறாங்க. என் கையில ஒண்ணுமில்லம்மா."

"அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"சரின்னார்."

"வேற?"

அவர் யோசித்தார். "கிடங்குக்கு அவ்ளோ பெரிய ஹால் தேவையா, ஒரு ஓரமா கொஞ்சம் ஐஸ் வெச்சுக்கலாமான்னு கேட்டார். வெளையாட்டுக்குக் கேக்கறார்னு நான் சிரிச்சிட்டேன்."

அவர் விளையாட்டுக்குக் கேட்டிருக்க மாட்டார். அவள் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். கிடங்குக்காரர் பயந்துபோய், "நான் தப்பா ஏதாவது சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

மதியம் வண்டி வந்தது. எடுத்தார்கள். அப்போது வாசலில் ஒரு குழப்பம் நடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அவரவர் விட்ட இடத்தில் செருப்பைக் காணாமல் திகைத்து நின்றார்கள். ஒருவர் வெறுங்காலோடு வண்டியில் ஏறப் போனார். அவள் படியில் நின்று, கண்ணீரைத் துடைத்தபடியே, "உங்களுது ஒன்பது, அந்தக் கடைசி வரிசை. நீங்க ஆறு, சுவரோரம்" என்று ஒவ்வொருவருக்காகச் சொன்னாள். அடக்கமுடியாமல் ஒருவர் லேசாகச் சிரித்தார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்போதுதான், காலையிலிருந்து முதல்முறையாக, அவள் வாய்விட்டு அழுதாள்.

திரும்பி வந்து குளித்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். அது நீடிக்கவில்லை. சமையலறையில் மகளும் கொழுந்தனும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

"நான் வேலையை விட்டுட்டு வந்து பாத்துக்கறேன் சித்தப்பா."

"எதைப் பாத்துப்ப? பாலத்தையா, பெட்ரோலையா?"

"அப்பா அதைக் கரைக்கப் போகல. பாதி கண்ணாடி மாதிரி இருக்குன்னு மெக்கானிக் அண்ணனே சொல்றார்."

"கரண்டைத் திருப்பிப் போட்டா எந்தத் தண்ணியும் உறையும்மா. கழுவி விட்ட தண்ணிகூடக் கண்ணாடியா உறையும்."

"அம்மா, நீயே சொல்லு. அப்பா என்ன நெனச்சார்?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற பார்வை. அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அலமாரிக்கு அடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா போற?"

"ஹாலுக்கு."

"இன்னிக்கா அண்ணி?"

"அவரும் லீவு நாள்லதான போனார்."

மெக்கானிக் வெளியே மதில் ஓரமாக நின்றிருந்தான். காலையிலிருந்து அவன் வீட்டுக்குள் வரவில்லை, போகவும் இல்லை. அவள் கூப்பிடாமலே பின்னால் நடந்தான். ஹால் அடுத்த தெரு. வழியில் பாதியில் நின்ற அடுக்குமாடியின் கம்பிகளில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"அக்கா, நான் பாத்திருக்கணும்" என்றான் திடீரென்று. "ஒரு நிமிஷம் நின்னு பாத்திருந்தா இவ்ளோ கொழப்பம் இல்ல."

"ஒரு நிமிஷம் நின்னிருந்தா, ஏன் நின்னேன்னு இன்னிக்கு அழுதிருப்ப. விடு."

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலுக்கு எதிர்ப்பக்கமிருந்து பாதித் தளம் விளக்கு தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. மிச்சப் பாதி வாரக் கடைசியில் சறுக்கிய கால்களின் கீறல்களோடு வெளுத்துக் கிடந்தது. இரண்டும் சேருகிற இடத்தில் வண்டி நின்றது. அதன் துணிப் பட்டை ஐஸோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் விழுந்த இடம் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

அவள் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தாள். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது போல நெடுநேரம் பார்த்தாள். மகள் சொன்ன கண்ணாடியும் இருந்தது, கொழுந்தன் சொன்னதும் சரியாக இருந்தது. கீறல் மேல் மெல்லிசாக விட்ட தண்ணீரா, கரைப்பதற்கு விட ஆரம்பித்த தண்ணீரா? ஐஸ் எதையும் சொல்லவில்லை.

ஷூ அறைக்குள் போனாள். இங்கே அவளுக்கு விளக்கு வேண்டாம், ஆனாலும் போட்டாள். வாடகை ஷூக்கள் அடுக்கில் நம்பர் வாரியாக இருந்தன. கடைசித் தட்டில் வேலையாட்களின் ரப்பர் பூட்ஸ். அடியில் ஆணி பதித்தது, ஐஸில் வழுக்காமல் நடப்பதற்கு. இரண்டு ஜோடிதான், எட்டு அவருக்கு, ஒன்பது மெக்கானிக்குக்கு. இரண்டும் ஒரே கறுப்பு. எது யாருடையது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. கையை நீட்டுவார்கள், அவள் எடுத்துக் கொடுப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஜோடி மாறிப் போனது கிடையாது. அது அவளுடைய கர்வம்.

எட்டாம் நம்பர் பெட்டியில் ஒரு வலது பூட்ஸ் தனியாக நின்றிருந்தது. ஒன்பதாம் நம்பர் பெட்டியில் ஒரு இடது பூட்ஸ்.

அவள் பையைக் கவுன்டரில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். நகம் வலித்தது. இடது கால் எட்டு. வலது கால் ஒன்பது.

இருட்டில் எடுத்திருக்கலாம். அவசரமாக எடுத்திருக்கலாம். ஆனால் ஒரு நம்பர் பெரிய பூட்ஸ் நாலு அடி வைத்தாலே சொல்லிவிடும். குதிகால் தூக்கும், கால் உள்ளே ஆடும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலே பாதித் தளம்வரை வண்டியை இழுத்திருக்கிறார் என்றால் மனசு காலில் இல்லை, ஐஸிலும் இல்லை. வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து வந்திருந்தால் உட்கார்ந்து, பட்டையை இழுத்து, சரியாகப் போட்டுக்கொண்டு இறங்கியிருப்பார். விடுவது என்று முடிவெடுத்து வந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டில் எதுவும் இல்லாமல்தான் வந்திருக்கிறார். வெந்நீர் போட்டால் ஏதாவது ஒரு வேலை நடக்கும் என்று போட்டிருக்கிறார். எது நடக்கிறதென்று அப்புறம் பார்க்கலாம்.

பார்க்கலாம். அந்த வார்த்தையை அவள் இத்தனை நாளும் தன்னிடமிருந்து எதையோ மறைக்கும் வார்த்தை என்றே நினைத்திருந்தாள். பாவம், அதற்குள் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒற்றை ஆளாக அவர் அந்தக் காலை வேளையில் இவ்வளவு பெரிய ஹாலில் நின்றிருக்கிறார். தான் கூட வந்திருந்தால் பூட்ஸையாவது சரியாக எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. மெக்கானிக்.

"தம்பி, தொட்டியில வெந்நி போடு."

"எதுக்குக்கா?"

"மிச்சப் பாதியை முடிச்சிடு."

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப வெச்சுக்கறோமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு ஊத்தணும்? நாளைக்குக் கரைக்கறதை இன்னிக்கு..."

"எதையும் பாதியில விட்டா அவருக்கு ஆகாது. அவரைப் பத்தி இன்னிக்கு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்." அவள் குரல் ஆடவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம். "முடிச்சிட்டு மெஷினை ஓடவிடு. நாளைக்கு என் பொண்ணு வந்து முழுசாப் பாக்கட்டும். அவ பாத்ததுக்கப்புறம் நிறுத்திடு."

"அது சண்டை போடுமேக்கா. அப்பா வெச்சுக்கத்தான் நெனச்சார்னு சொல்லுமே."

"சொல்லட்டும். அவர் வெச்சுக்க நெனச்சார்னும் சொல்லாத, விட நெனச்சார்னும் சொல்லாத. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்களா?"

"நான்தான். பஸ்ஸு திரும்பி வராது. அடுத்து எங்க என்ன விலை ஏறுதுன்னு ராத்திரியெல்லாம் டிவியைப் பாத்துட்டு உக்காந்திருக்க அவளை நான் விட மாட்டேன். ஒருத்தர் உக்காந்தது போதும்."

அவன் தன் பூட்ஸுக்காகக் கையை நீட்டினான், எப்போதும் நீட்டுகிற மாதிரி. அவள் ஒன்பதாம் நம்பர் பெட்டியிலிருந்து இடதை எடுத்துக் கொடுத்தாள். பையிலிருந்து வலதை எடுத்துக் கொடுத்தாள். அவன் கையில் வாங்கியவற்றைப் பார்த்தான், கவுன்டரில் மிச்சமிருந்த ஒற்றை பூட்ஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிந்ததும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"ஈரமா இருக்குக்கா" என்றான்.

"போட்டுக்கோ. உன்னுதுதான்."

துணிப் பட்டையை வெந்நீர் ஊற்றி விடுவித்து, அவர் நிறுத்திய இடத்திலிருந்தே அவன் ஆரம்பித்தான். குழாயை மெல்லிசாகத்தான் திறந்தான். வண்டி ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கீறல் மறைந்தது. ஆவி எழுந்து அவனை மூடியது, கலைந்தது. பழையதும் புதியதும் சேர்ந்த கோடு எங்கே இருந்தது என்று சற்று நேரத்தில் அவளாலேயே சொல்ல முடியவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி அவன் வாசலுக்கு வந்து, தடுப்பைத் தாண்டிக் கால் வைத்தபோது, தளம் முழுக்க ஒரே விளக்கு வரிசை தெரிந்தது.

அவன் பூட்ஸைக் கழற்றித் துடைத்துக் கவுன்டரில் வைத்தான். அவள் வாங்கி ஒன்பதில் வைத்தாள். பிறகு எட்டாம் நம்பர் இடதை எடுத்து, இரண்டு நாளாகத் தனியாக நின்ற வலதுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் இன்னும் இருந்தது. காய்வதற்காக அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.